முதலாண்டுச் சட்ட மாணவருக்கு எந்த இன்டர்ன்ஷிப்? சந்தேகங்களும் விளக்கங்களும்

மே மாதத் தேர்வுகள் முடிந்ததும் சிங்கப்பூர்ச் சட்ட மாணவர்களுக்கு ஆகஸ்ட் தொடக்கம் வரை நீண்ட விடுமுறை. மெரினா பே வட்டாரத்துப் பெரிய நிறுவனமா, பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் இயங்கும் சிறிய அலுவலகமா, தொண்டு அமைப்பா என்ற குழப்பம் முதலாண்டு மாணவர்களையும் பெற்றோரையும் அப்போது பிடித்துக்கொள்கிறது. அவர்கள் அதிகம் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

சந்தேகம்: முதலாண்டிலேயே இன்டர்ன்ஷிப் செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவோமா?

விளக்கம்: இல்லை. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் (எஸ்எம்யூ) பட்டம் பெற வேலைப்பயிற்சி கட்டாயம்தான். ஆனால் அதை முதலாண்டில்தான் முடிக்கவேண்டும் என்பதில்லை. சட்ட மாணவர்கள் செய்யவேண்டிய 20 மணிநேர இலவசச் சட்டச் சேவையும் முதலாண்டுக்குப் பிறகே வருகிறது. பட்டம் பெற்றபின் வழக்கறிஞராகத் தொழில் செய்ய விரும்புவோருக்கான பயிற்சிக் காலம் முன்பு ஆறு மாதமாக இருந்தது. 2024ஆம் ஆண்டின் ‘பார்ட் பி’ வழக்கறிஞர் தேர்வுப் பிரிவினர் முதல் அது ஓராண்டு. தொழிலைப் பழக இன்னும் காலம் இருக்கிறது. முதல் விடுமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதுதான்.

சந்தேகம்: பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடலாமா?

விளக்கம்: சேர்வதில் தவறில்லை. என்ன கிடைக்கும் என்று தெரிந்து சேருங்கள். ஆலன் அண்ட் கிளெட்ஹில், ராஜா அண்ட் டான், வோங்பார்ட்னர்ஷிப், ட்ரூ அண்ட் நேப்பியர் போன்ற நிறுவனங்களில் நிறுவன இணைப்பு, வங்கிக் கடன், பன்னாட்டு நடுவர் மன்ற வழக்கு எனப் பெரிய விவகாரங்கள் நடக்கின்றன. அவற்றில் முதலாண்டு மாணவர் கையில் பெரும்பாலும் வருவது ஆய்வுக் குறிப்பும் ஆவணச் சரிபார்ப்பும்தான். நேர்த்தியாக எழுதும் பழக்கம் வரும். கட்சிக்காரரை நேரில் பார்க்கும் வாய்ப்பு அரிது. பயிற்சி ஒப்பந்தத்திற்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது இந்நிறுவனங்கள் பிந்தைய ஆண்டுகளில் தங்களிடம் பழகிய மாணவர்களையே கூர்ந்து கவனிக்கின்றன. முதலாண்டில் கிடைக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

சந்தேகம்: சிறிய அலுவலகத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

விளக்கம்: நிறைய இருக்கிறது. இரண்டு மூன்று வழக்கறிஞர்கள் நடத்தும் அலுவலகத்தில் விவாகரத்து, குற்ற வழக்கு, சாலை விபத்து, உயில் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரும். பீப்பிள்ஸ் பார்க் சென்டரிலிருந்து ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். காலையில் சீனியரோடு நீதிமன்றம், மாலையில் பிரமாணப் பத்திரத்தின் முதல் வரைவு என்று நாள் ஓடும். அலுவலகத்துக்கு அலுவலகம் தரம் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. நீங்கள் எழுதியதைத் திருத்திக் கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால், மாதம் முழுவதும் நகல் எடுத்தே கழிந்துவிடும்.

சந்தேகம்: எனக்குத் தமிழ் நன்றாக வரும். அது எங்கே பயன்படும்?

விளக்கம்: லிட்டில் இந்தியாவில் பயன்படும். டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்ற தொண்டு அமைப்பு, காயம்பட்டு வேலையிழந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு 2008 முதல் அங்கே இலவச உணவு அளித்து, அவர்களின் குறைகளையும் கேட்டுவருகிறது. அந்த ஊழியர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர்.

வேலையிடத்தில் விரல் துண்டான ஒருவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே, நிர்ணயித்த வரம்புக்குள் இழப்பீடு கேட்கலாம். அல்லது, கவனக்குறைவை நிரூபித்து உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். இரண்டு வழிகளிலும் சேர்த்து இழப்பீடு பெற முடியாது; ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பில் படித்த தீங்கியல் சட்டம் இங்கே ஒரு குடும்பத்தின் அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கிறது. சம்பள பாக்கி என்றால் முதலில் சமரசப் பேச்சு, பிறகு வேலை உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் ஆஜராக முடியாது. ஊழியர் தாமே பேசவேண்டும். ரசீது, நேரப்பதிவு, குறுஞ்செய்தி ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கித் தர ஒருவர் இருந்தால் ஊழியருக்கு அது பெரும் பலம்.

சந்தேகம்: அப்படியென்றால் நானே அவர்களுக்கு ஆலோசனை சொல்லலாமா?

விளக்கம்: கூடாது. தகுதி பெறாதவர் வழக்கறிஞர்போல் செயல்படுவதைச் சட்டத்தொழில் சட்டம் தடைசெய்கிறது. கேட்பது, குறித்துக்கொள்வது, மொழிபெயர்ப்பது, சீனியரிடம் ஒப்படைப்பது வரைதான் மாணவரின் எல்லை. கேட்டதை நண்பரிடமோ சமூக ஊடகத்திலோ பகிரவே கூடாது.

சந்தேகம்: அரசு அலுவலகங்கள்?

விளக்கம்: எந்தப் பக்கத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிறது, குற்ற வழக்குகளையும் தொடுக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் வசதியற்றவர்களுக்காகக் குற்ற வழக்கில் வாதாடுகிறது. 1958 முதல் இயங்கும் சட்ட உதவிப் பிரிவு உரிமையியல் வழக்குகளில் உதவுகிறது. தகுதி நிபந்தனைகளையும் விண்ணப்ப நாளையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

சந்தேகம்: ஒரே விடுமுறையில் இரண்டு இடம் பார்க்கலாமா?

விளக்கம்: தாராளமாக. இடத்துக்கு நான்கு வாரம் என்றாலும் ஓய்வுக்கு நாள் மிஞ்சும். இந்தியாவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரப் பயிற்சி வேண்டும். ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். பலவற்றையும் பார்த்தபின் தேர்ந்தெடு என்பதே அதன் நோக்கம். சிங்கப்பூர் மாணவருக்கும் அது பொருந்தும்.

சந்தேகம்: எங்கள் குடும்பத்தில் வழக்கறிஞர் யாரும் இல்லை. எப்படி விண்ணப்பிப்பது?

விளக்கம்: அறிமுகம் இல்லாதது தடையல்ல. அரசு நீதிமன்றத்தில் பெரும்பாலான குற்ற விசாரணைகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். சில நாள் போய்ப் பாருங்கள். நன்றாக வாதாடுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். எந்த வழக்கில் அவரைப் பார்த்தீர்கள், ஏன் அவரிடம் கற்க விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பல்கலைக்கழக வேலைவழிகாட்டிப் பிரிவையும் அணுகுங்கள்.

இடம் கிடைத்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் வேலையை யார் பார்ப்பார்? நீதிமன்றத்துக்கோ கட்சிக்காரர் சந்திப்புக்கோ என்னை அழைத்துச் செல்வீர்களா? உதவித்தொகை உண்டா? தொண்டு அமைப்புகளில் பணம் எதிர்பார்க்க முடியாது. வீட்டுச் செலவுக்கு உதவவேண்டிய மாணவர் சம்பளம் தரும் இடத்தை முதலில் தேர்ந்தெடுப்பது முழுக்க நியாயமானதே.

எங்கள் தீர்ப்பு இதுதான். முதல் விடுமுறையில் பாதியையாவது, பாதிக்கப்பட்ட மனிதர் எதிரே உட்கார்ந்து பேசும் இடத்தில் செலவிடுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் இருக்கின்றன. பெற்றோர்களே, நிறுவனத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், அங்கே உங்கள் பிள்ளைக்குக் கற்றுத்தரப்போவது யார் என்று கேளுங்கள்.