சோர்வறியாக் கண்

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் தாயின் கண் முதற்படியில் ஒரு கல்லையும் விடாது. பத்தாம் படியில் சோர்ந்துவிடும். உயிரணு ஆராய்வோரின் கண்ணும் அத்தகையதே. கருப்பைவாய்ப் புற்றுநோயை அறிய எடுக்கும் பூச்சில் பல்லாயிரம் உயிரணுக்கள் உண்டு. மாறுபட்டவை ஒரு சிலவாகவே இருக்கலாம். அவை கண்ணுக்குத் தப்பினால் ஒரு பெண்ணின் உயிருக்கே கேடு.

சோர்வறியாக் கண்ணொன்றைப் படைக்கும் முயற்சி இத்திருவனந்தபுரத்திலேயே நடந்தது. இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையமும் சி-டாக் நிறுவனமும் சுவீடன் நாட்டு உப்சாலா அறிஞரோடு கூடி 'செர்விஸ்கேன்' திட்டத்தை மேற்கொண்டன.

கணிப்பொறிக்கு உயிரணுவும் தெரியாது, நோயும் தெரியாது. படம் அதற்கு வெறும் புள்ளிகளே. ஒவ்வொன்றுக்கும் கருமை 0 முதல் வெண்மை 255 வரை ஓர் எண். சாயமேறிய உட்கரு கருத்திருக்கும். எந்த எண்ணுக்குக் கீழே உட்கரு என்று கொள்வது? அவ்வெல்லையைப் படத்தின் எண்களைக் கொண்டே காணும் வழியை 1979-இல் ஜப்பானிய அறிஞர் ஒட்சு வெளியிட்டார்.

இரண்டு உட்கருக்கள் ஒட்டிக் கிடந்தால் வந்தது வம்பு! பெருத்த ஒற்றைக் கருவென மயங்கி, நோயென்று பொறி கூறிவிடும். 1950-களில் அமெரிக்காவில் செய்த 'சைட்டோஅனலைசர்' இத்தகைய பொய்யெச்சரிக்கைகள் மலிந்தே பயன்படாது போயிற்று.

இங்கே நம் பொதிகை உதவிக்கு வருகிறது. (இவ்வூரார் அகஸ்தியர்கூடம் என்பர்.) அம்மலைமுகட்டின் கிழக்கே விழும் மழை தாமிரபரணியாகி என் ஊர்ப்பக்கம் ஓடுகிறது, மேற்கே விழுவது நெய்யாறாகி அரபிக்கடல் சேர்கிறது. அதுபோலவே கணிப்பொறி ஒவ்வொரு உட்கருவின் நடுவையும் பள்ளமாகவும் ஓரத்தை மேடாகவும் கொள்கிறது. பள்ளங்களில் நீர் ஏறுவதாக நினையுங்கள். இரு நீரும் தொடுமிடத்தில் ஒரு வரப்பு. அதுவே இரு கருக்களின் எல்லை. இதனை நீர்பிரி முறை எனலாம்.

இவற்றையெல்லாம் செய்யும் 'இமேஜ்ஜே' என்னும் மென்பொருளை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் வெய்ன் ராஸ்பாண்ட் 1997-இல் அளித்தார். காசு வேண்டாம், பழைய கணிப்பொறியிலும் ஓடும். ஏழை மாணவருக்கு இதைவிடப் பெரிய கொடை எது?

ஆயினும் அட்டவணையில் எண் விழுந்ததும் அப்படியே நம்புவோரைக் கண்டால் எனக்கு அச்சம். விளக்கொளி சற்றுக் கூடினாலும் கருவின் பரப்பு குறையும். பெருக்குவில்லையை மாற்றினால் ஒரு புள்ளி எத்தனை மைக்ரோமீட்டர் என்பதைப் புதிதாக அளந்தே தீரவேண்டும். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் சில படங்களை நான் கையாலும் எண்ணி ஒப்பிடுகிறேன். உயிரணுக்கள் அடுக்கடுக்காய்க் கிடக்குமிடத்தில் நீர்பிரி முறையும் தடுமாறும். அப்பகுதியைத் தேர்ந்த நோயியலாரிடமே கொடுத்துவிட வேண்டும்.