ஊர் கூடி இழுக்கும் தேர்

கிராமங்களுக்கு நம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இல்லாமல் இல்லை. புயல் அடித்தால், வெள்ளம் வந்தால், வீட்டில் ஒரு விசேஷம் நடந்தால், ஏதோ ஒரு தொகையை எடுத்து வைத்துத் தர்ம ஸ்தாபனம் ஒன்றுக்கு அனுப்பிவிடுகிறோம். கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கியவருக்குச் சௌகரியம் என்று அத்துடன் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் கொடுக்கிற விதத்தினால் ஓர் ஊர் எழுந்து நிற்பதும் உண்டு. எழுந்து நின்ற ஊர் மறுபடி உட்கார்ந்துவிடுவதும் உண்டு. இவ்விரண்டையும் கண்ட இயக்கம் ஒன்று நமது அண்டை நாடாகிய இலங்கையில் இருக்கிறது. சர்வோதய சிரமதான இயக்கம் என்பது அதன் பெயர்.

அதை ஆரம்பித்தவர் ஏ. டி. ஆரியரத்ன என்னும் உபாத்தியாயர். கொழும்பு நாலந்தா வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1958-ம் ஆண்டில், விடுமுறைக் காலத்தில் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு குருநாகல் ஜில்லாவில் உள்ள கனதொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே வசித்தவர்கள், மற்றவர்கள் தீண்டத் தகாதவர்களென்று ஒதுக்கி வைத்திருந்த ரோடி வகுப்பினர். பட்டணத்துப் பிள்ளைகள் அவர்கள் நடுவே தங்கினார்கள், அவர்களோடு உண்டார்கள், அவர்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். பாடப் புத்தகத்தில் பல மாதம் படித்தாலும் ஏறாத ஒரு பாடம், மண்வெட்டியின் வழியாகச் சில நாளில் ஏறிற்று. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்தச் செய்தி விசேஷ மகிழ்ச்சி அளிப்பதில் வியப்பில்லை.

'சிரமதானம்' என்றால் உழைப்பைத் தானமாக அளித்தல். 'சர்வோதயம்' என்பது மகாத்மா காந்தி வழங்கிய சொல். ஆரியரத்ன அந்தச் சொல்லை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் அதை ஊன்றிய மண் பௌத்த தர்மம். மைத்திரி, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்று புத்தர் பிரான் உபதேசித்த நான்கு குணங்களும் விகாரைக்குள் தியானம் செய்வதற்கு மட்டும் உரியவை அல்ல, வாய்க்கால் வெட்டுவதற்கும் உரியவை என்பது அவருடைய கொள்கை. சிரமதான முகாம்களில் வேலைக்கு இடையே எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். சிங்களத்தில் அதைக் 'குடும்பக் கூட்டம்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பார்கள். சிறிது நேரம் மௌனம். பிறகு பாட்டு, பேச்சு, ஊர்ப் பிரச்னைகளைப் பற்றிய விவாதம். பெரியவர் முன்னிலையில் வாய் திறவாத பெண்களும் சிறுவர்களும் அங்கே பேசக் கற்றுக்கொண்டார்கள். சாலை அமைக்கப் போனவர்களை அந்தச் சாலையே அமைத்தது என்று இயக்கத்தார் சொல்வது இதனால்தான்.

சமய ஸ்தாபனங்களுக்குக் கிராமத்தில் இருக்கும் பலம் எது என்பதை இங்கே காண்கிறோம். கோயிலும் விகாரையும் மசூதியும் மாதா கோயிலும் ஊரார் நெடுங்காலமாகக் கூடிப் பழகிய இடங்கள். அங்கே அழைப்பு விடுத்தால் ஜனங்கள் வருவார்கள். அங்கே சொன்ன வாக்கை மீறக் கூசுவார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போய்விடுவார். கோயில் மாற்றலாகிப் போவதில்லை.

ஆனால் அதே இடத்தில் ஓர் அபாயமும் இருக்கிறது. கோயிலுக்கு ஒரு வாசல் உண்டு. வாசல் இருந்தால் அதை மூடவும் முடியும். சர்வோதயத்துக்கு இந்தச் சோதனை 1983-ம் ஆண்டு ஜூலையில் வந்தது. தமிழ் மக்கள்மீது அவிழ்த்துவிடப்பட்ட கொடுமையின்போது, பெரும்பான்மையோர் சமயத்தில் வேரூன்றிய இந்த இயக்கம் வாசலைச் சாத்திக்கொள்ளவில்லை. அகதிகளுக்கு உதவும் பணியில் இறங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஆரியரத்ன, கதிர்காமத்திலிருந்து வடக்கே நாகதீபம் வரை சமாதான யாத்திரை ஒன்றைத் தொடங்கினார். முருகனைத் தொழும் தமிழரும் புத்தரைத் தொழும் சிங்களவரும் சேர்ந்து செல்லும் தலம் கதிர்காமம். நாகதீபம் என்பது நமக்கு நயினாதீவு. அங்கே விகாரையும் உண்டு, நாகபூஷணி அம்மன் கோயிலும் உண்டு. ஜனாதிபதி கேட்டுக்கொண்டதன்பேரில் யாத்திரை பாதியில் நின்றது. வழி முடியவில்லை, எனினும் அந்தக் காலத்தில் அந்தத் திசை நோக்கி அடி எடுத்து வைத்ததே பெரிய காரியம் அல்லவா?

இனிப் பண விஷயத்துக்கு வருவோம். இயக்கத்தின் முறையில் ஒரு கிராமம் ஐந்து படிகள் ஏற வேண்டும். முதலில் சிரமதானம். இரண்டாவது, தாய்மார், இளைஞர், விவசாயிகள், சிறுவர் என்று தனித்தனிக் குழுக்களும் ஒரு பாலர் பள்ளியும். மூன்றாவது, குடிநீர், உணவு, வீடு, வைத்தியம், கல்வி போன்ற அடிப்படைத் தேவைகளுக்காக ஊராரே நடத்தும், பதிவு செய்யப்பட்ட சங்கம். நான்காவது, வருமானத்துக்கு வழி. ஐந்தாவது, அண்டைக் கிராமத்துக்குக் கை கொடுத்தல். இந்த வரிசையில் பணம் முதலில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரார் தங்கள் உழைப்பை முதலில் வைத்த பிறகே வெளியார் உதவிக்கு இடம் உண்டு.

இவ்வழியே வளர்ந்த இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமங்களில் பரவிற்று. 1969-ல் ஆரியரத்னவுக்கு மக்ஸேஸே பரிசு கிடைத்தது. 1972-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இயக்கம் அங்கீகாரம் பெற்றது. பின்னர் ஹாலந்து தேசத்து நோவிப் ஸ்தாபனமும் மற்றும் பல அந்நிய ஸ்தாபனங்களும் தாராளமாகப் பொருள் உதவின. சிப்பந்திகள் பெருகினார்கள், பயிற்சி நிலையங்கள் எழுந்தன. 1980-களில் கொடையாளிகள் ஒன்றுகூடித் தங்களுக்குள் ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதன் பிறகு கேள்விகள் வந்தன. எத்தனை கிணறு? எத்தனை கடன்? எவ்வளவு வசூல்? எந்தத் தேதிக்குள் அறிக்கை?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே கணக்குக் கேட்டதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கிணற்றை எண்ணலாம். கூட்டத்தில் முதன்முறை வாய் திறந்த ஒரு தாயின் தைரியத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? எண்ணக் கூடியது மட்டுமே வேலை என்று ஆகிவிட்டால், ஊழியர் கிராமத்தைப் பார்ப்பதை விட்டுக் கொடையாளியைப் பார்க்கத் தொடங்குவார். இதனிடையே சர்க்காரின் கோபத்துக்கும் இயக்கம் ஆளாயிற்று. 1990-ல் தொண்டு ஸ்தாபனங்களை விசாரிக்க ஜனாதிபதி விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. 1990-களில் அந்நிய உதவி வெகுவாகக் குறைந்தது. சம்பளத்தை நம்பி வளர்ந்திருந்த பகுதி சுருங்கிற்று. எனினும் இயக்கம் மாளவில்லை. கிராமங்களில் உறுப்பினர்களே சிறுகச் சிறுகச் சேமித்து, அந்தச் சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கங்கள் உண்டாகியிருந்தன. 2004-ல் ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிக்கொண்டு போனபோது, உடனே உதவிக்கு ஓடக்கூடியவர்களாக இயக்கத்தார் இருந்ததற்குக் காரணம், முன்பே ஊர்களில் வேர் விட்டிருந்ததுதான். 2024 ஏப்ரலில், 92-ம் வயதில் ஆரியரத்ன காலமானார். அவர் நட்ட மரம் நிற்கிறது.

இதிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ள வேண்டியது என்ன? ஒரு கிராமச் சங்கத்துக்கோ சமய ஸ்தாபனத்துக்கோ உதவுமுன் சில கேள்விகளைக் கேட்போமாக. ஊரார் தங்கள் பங்காக எதை வைத்திருக்கிறார்கள்? கணக்கு நமக்கு வருவதற்கு முன் ஊர்க் கூட்டத்தில் படிக்கப்படுகிறதா? அவர்கள் தோண்டிய கிணற்றில், அந்தச் சமயத்தைச் சேராதவரும், ஒதுக்குப்புறத்தில் வசிப்பவரும் தடையின்றி நீர் எடுக்கலாமா? இம்மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைத்தால், ஒரு முறை பெருந்தொகை கொடுத்து மறந்துவிடுவதைவிட, சிறு தொகையானாலும் ஆண்டுதோறும் தவறாமல் கொடுப்பது மேல். வருஷத்தில் ஒரு நாள் குழந்தைகளை அழைத்துச் சென்று, அவர்கள் கையிலும் ஒரு கூடை மண்ணைக் கொடுப்பது அதனினும் மேல்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வெளியூரிலிருந்து வந்தவரும் வடம் பிடிக்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் தேர் எந்த வீதி வழியாகப் போக வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. வடத்தில் ஒரு கை வைக்க இடம் கிடைத்ததே போதுமென்று, ஊராரோடு ஊராராக இழுக்கிறார். நாமும் அப்படியே இழுப்போமாக.