இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தால்

விபத்தில் அடிபட்ட காருக்கு இன்சூரன்ஸ் பணம் வராமல் அலைகிறவர்களிடம் பேப்பர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், செல்போனைத்தான் நீட்டுகிறார்கள். அதில் வரிசையாக எண்கள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டபோதெல்லாம் கொடுத்த புகார் எண்கள். "தன்மையாத்தான் பேசுறாங்க சார், நாலு நாள்ல ஆயிடும்னு சொல்றாங்க." கம்பெனிக்கு நீங்கள் எழுதிய கடிதம் எங்கே? இல்லை. தர மாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தது? "வாயாலதான் சொன்னாங்க."

வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து அப்பீல் போவது பெரும்பாடு. கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் கொடுக்கவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள், 'பிராசஸில் இருக்கிறது' என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள்.

ஆனால் பாதி கேஸ்கள் அதற்கு முன்பே, ஒர்க் ஷாப்பிலேயே கெட்டுவிடுகின்றன. வண்டி போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள சூப்பர்வைசர் கிளெய்ம் ஃபாரத்தை நீட்டி, "இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, மத்ததை நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்" என்பார். கை நடுக்கம் இன்னும் அடங்காத நம் ஆளும் போட்டுக் கொடுத்துவிடுவார். 'விபத்து நடந்த விதம்' என்ற கட்டத்தில் சூப்பர்வைசர் எழுதுவது பெரும்பாலும் ஒரே கதைதான்: நாய் குறுக்கே வந்தது. கிளெய்ம் ஃபாரங்களை நம்பினால், தமிழ்நாட்டில் கார் விபத்துகள் அத்தனையையும் நாய்களே நடத்துகின்றன என்றுதான் நினைக்க வேண்டும். உண்மையில் வண்டி சென்டர் மீடியனில் உரசியிருக்கும். பம்பரில் மீடியனின் கறுப்பு மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருக்கும். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் அதைப் போட்டோ எடுத்து, 'சொன்ன காரணமும் சேதமும் பொருந்தவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும், கதை முடிந்தது. முழுக் காப்பீடு இருந்தால் மீடியனில் இடித்ததற்கும் பணம் உண்டு. பொய் சொன்னதற்குத்தான் இல்லை. ஓட்டியது மகன், எழுதியது அப்பா பெயர் என்பதும் இந்த வகைதான். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று போதும், குட்டு உடைய. வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நடந்ததை நீங்களே எழுதி, கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடித்த இடத்திலேயே வண்டியை நாலு பக்கமும், நம்பர் பிளேட்டும் சாலையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். யாருக்காவது காயம் பட்டிருந்தாலோ அடுத்தவர் சொத்து சேதமாகியிருந்தாலோ போலீசில் எஃப்.ஐ.ஆர். வேண்டும். வெறும் வண்டிச் சேதம் என்றாலும் பெரிய தொகையானால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கி வையுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் போகிற வண்டிச் சேதத்தை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். பிரித்துப் போட்ட வண்டியை அவர் என்னவென்று மதிப்பிடுவார்?

அடுத்து, கம்பெனி உண்மையிலேயே குறைத்துத் தந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்லுக்கும் வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம் முழுதும் ஏமாற்று அல்ல. தேய்மானக் கழிவு பிடிக்காத 'நில் டெப்ரிசியேஷன்' சேர்க்காத சாதாரண பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக், டயர், ட்யூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றில் பாதிதான் கிடைக்கும். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறும்; ஐந்து வருடம் தாண்டினால் 40 சதவீதம். 1500 சி.சி. வரையான காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் நாமே ஏற்க வேண்டும். ரிப்பேர் செலவு பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிட வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை 'ரிப்பேர் பண்ணிக்கலாம் சார்' என்று தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு, கவனம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் செய்யும் அலட்சியம் ஒன்றுக்கு மருந்தே இல்லை. ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றுவார்கள், பாலிசியை மாற்ற மாட்டார்கள். தேர்டு பார்ட்டி காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு வராது. கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்ற வேண்டும். மாற்றாதவருக்கு மறுத்தால் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

மற்றபடி மறுப்பதற்குச் சொல்லும் காரணங்கள் பலவும் நிற்காது. தாமதமாகத் தகவல் சொன்னீர்கள் என்பதை மட்டுமே காரணம் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. டாக்சி ஓட்டியவரின் லைசென்சில் பேட்ஜ் இல்லை என்பார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனமானால் எல்.எம்.வி. எனும் இலகுரக வாகன லைசென்சே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. குறைந்த தொகைக்கு 'முழுத் திருப்தி' என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களா? அதனாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2015 செப்டம்பர் சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிவிடுவது நல்லது.

இனி கடிதம். போனை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுங்கள். பாலிசி எண், கிளெய்ம் எண், விபத்து நடந்த தேதி, சர்வேயர் பார்த்த தேதி ஆகியவற்றை மேலே போடுங்கள். கீழே மூன்றே விஷயங்களைக் கேளுங்கள்: சர்வே ரிப்போர்ட்டின் நகல் வேண்டும், பாலிசியின் எந்த விதிப்படி பணம் மறுக்கிறீர்கள் அல்லது குறைக்கிறீர்கள், முடிவை எந்தத் தேதிக்குள் எழுத்தில் தருவீர்கள். பட்ட வேதனை, கட்டிய பிரீமியம், பக்கத்து வீட்டுக்காரருக்கு உடனே கிடைத்த கதை எதுவும் வேண்டாம். 2024 ஜூன் மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும், அடுத்த 7 நாளில் கம்பெனி முடிவெடுக்க வேண்டும். இதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தாமதத்துக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி உண்டு என்பதையும் சேருங்கள். கடிதத்தைக் கிளைக்கோ ஏஜெண்டுக்கோ அனுப்பிப் பயனில்லை. கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். அவர் முகவரி பாலிசியிலேயே இருக்கும். இ-மெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கும் புகார் செய்யலாம். ஆனால் ஆணையம் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது. புகாரைக் கம்பெனிக்கே அனுப்பிப் பதில் வாங்கும். அங்கே போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கம்பெனி மறுத்தாலோ, அரைகுறையாகப் பதில் சொன்னாலோ, ஒரு மாதம் வாயே திறக்காவிட்டாலோ நேராகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி நகரம், காரைக்கால் மூன்றுக்கும் அலுவலகம் ஒன்றுதான்: சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலை 453, பாத்திமா அக்தர் கோர்ட், நான்காவது மாடி. கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம்; பாலிசிதாரரோ வாரிசோ தாமே பேச வேண்டும். தபாலில் அனுப்பலாம், ஓம்புட்ஸ்மன் கவுன்சிலின் இணையதளத்திலும் பதியலாம். விசாரணையை வீடியோவிலும் நடத்துகிறார்கள், நாகர்கோவில்காரர் இதற்காக ராத்திரி பஸ் ஏற வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புத் தர அதிகாரம் உண்டு. அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் கொடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தண்டம் கட்ட வேண்டும். இவ்வளவும் இலவசமாக இருக்க, எடுத்த எடுப்பில் வக்கீல் நோட்டீசுக்குச் செலவழிப்பதேன்?

ஆனால் ஒரு நிபந்தனை. அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ நிலுவையில் இருந்தால் ஓம்புட்ஸ்மன் தொட மாட்டார். இரண்டிலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்; மறுபடியும் சொல்கிறேன், போடாதீர்கள். முதலில் ஓம்புட்ஸ்மன். அங்கே சரிப்படாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணம் கிடையாது. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

விபத்தில் காயம்பட்டவரோ, உயிரிழந்தவரின் குடும்பமோ எதிர் வண்டியின் கம்பெனியிடம் இழப்பீடு கேட்பது வேறு வழி. அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டிய மனு. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள திருத்தத்தில் அதற்கு ஆறு மாதக் கெடு இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வண்டிச் சேதத்துக்கும் கெடு உண்டு. ஓம்புட்ஸ்மனிடம் போக, மறுப்புக் கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து ஒரு வருடம். நுகர்வோர் ஆணையத்துக்கு, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடம். கடிதத்தில் அச்சான தேதி ஒன்றாக இருக்கும், தபாலில் வந்து சேர்ந்த தேதி வேறாக இருக்கும். அதனால் அஞ்சல் முத்திரையுள்ள உறையையும் தூக்கிப் போடாமல் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.