இணையச் சந்தையில் அஞ்சல்தலைகள்

காந்தியடிகளின் உருவம் பொறித்த பழைய அஞ்சல்தலை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், கோடீஸ்வரராகிவிடலாம் என்னும் தகவல் கட்செவி அஞ்சல் குழுக்களில் வலம் வருவதுண்டு. இதில் ஓர் உண்மையும் பல பொய்களும் கலந்திருக்கின்றன.

உண்மை இதுதான். விடுதலையின் முதலாண்டு நிறைவையொட்டி 1948 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல் துறை காந்தியடிகளின் உருவத்துடன் நான்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. ஒன்றரையணா, மூன்றரையணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய் ஆகிய மதிப்புகளில் அவை ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சிடப்பட்டன. தலைமை ஆளுநரின் அலுவலகப் பயன்பாட்டுக்காக (அப்போது அப்பதவியில் இருந்தவர் ராஜாஜி) அவற்றில் மிகச் சிலவற்றின் மீது 'சர்வீஸ்' என்னும் ஆங்கிலச் சொல் மேலச்சாகப் பதிக்கப்பட்டது. அவ்வாறு மேலச்சு பெற்ற பத்து ரூபாய் அஞ்சல்தலைகள் நூறு மட்டுமே. அவற்றில் நான்கு இணைந்த ஒரு துண்டு 2017-ஆம் ஆண்டில் 5 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது.

மற்றவையெல்லாம் பொய். சாதாரணக் கடிதங்களில் ஒட்டப்பட்ட ஒன்றரையணா காந்தி அஞ்சல்தலை இன்றும் எளிதாகக் கிடைக்கக்கூடியது. மேலச்சு இல்லாத பத்து ரூபாய் அஞ்சல்தலைக்கு நல்ல விலை உண்டு. ஆனால், அதற்கும் கோடிக்கும் வெகுதூரம். ஏழு ஆங்கில எழுத்துகளைக் கருப்பு மையில் பதித்துவிட்டால் விலை பல மடங்காகிவிடும் என்னும்போது, அந்த எழுத்துகளைப் பதிக்கத் துணிபவர்கள் இல்லாமலா போவார்கள்?

பொருளியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விளக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் பழைய கார்களின் சந்தையை ஆராய்ந்தார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே, வாங்குபவர் எந்தக் காருக்கும் சராசரி விலைக்கு மேல் தர மாட்டார். அந்த விலைக்குத் தம் நல்ல காரை விற்க விரும்பாதவர் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது மோசமான கார்களே. தகவல் சமமின்மை ஒரு சந்தையையே சிதைத்துவிடும் என்று காட்டிய இந்த ஆய்வுக்காக 2001-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார். அஞ்சல்தலைச் சந்தைக்கு இது அப்படியே பொருந்தும். ஒரே வேறுபாடு, இங்கு அறியாமை இருபுறமும் இருக்கலாம். வாங்குபவர் ஏமாறுவதைப் போலவே, தந்தை விட்டுச்சென்ற தொகுப்பின் அருமை தெரியாமல் அதை எடைக்கு எடை விற்றுவிடும் மகனும் ஏமாறுகிறார்.

இணையம் இந்தச் சிக்கலைப் பெரிதாக்கியிருக்கிறது. முன்பு அஞ்சல்தலை வணிகரின் மேசையருகே அமர்ந்து, இடுக்கியால் எடுத்து, திருப்பிப் பார்த்து, உருப்பெருக்கியால் ஆராய்ந்து வாங்கினார்கள். இன்று பார்ப்பது அறிதிறன்பேசித் திரையில் ஒரு படம். ஓர் அஞ்சல்தலையின் மதிப்பைத் தீர்மானிக்கும் தாள், நீர்க்குறி, துளைப்பற்களின் எண்ணிக்கை, பின்புறப் பசை ஆகியவற்றில் பெரும்பாலானவை அந்தப் படத்தில் தெரியாதவை.

ஆகவே, விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின்புறப் படம். பழுது அங்குதான் ஒளிந்திருக்கும். ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது தாள் மெலிந்த இடம், கிழிசலை ஒட்டிய தடம், பழைய ஒட்டுத்தாளின் எச்சம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் விலை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். பசையே இல்லாத பழைய அஞ்சல்தலைக்குப் புதிதாகப் பசை பூசுவதும், சிதைந்த ஓரத்தை வெட்டிப் புதிதாகத் துளையிடுவதும் நெடுநாளைய கைவேலைகள். நூறாண்டு கடந்த அஞ்சல்தலையின் பசை நேற்றுப் பூசியதுபோல் பளபளத்தால், அது மகிழ வேண்டிய செய்தியன்று. ஐயுற வேண்டிய செய்தி.

உயர்மதிப்பு இந்திய அஞ்சல்தலைகளில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் பெருந்தொகைக்கான அஞ்சல்தலைகள் கடிதங்களைவிடத் தந்திப் படிவங்களிலும் கணக்கு ஆவணங்களிலுமே மிகுதியாகப் பயன்பட்டன. தந்தி அலுவலக முத்திரையோ பேனாக் கோடோ விழுந்த அஞ்சல்தலைக்கு, கடித முத்திரை பெற்றதைவிட மதிப்புக் குறைவு. மைக்கோட்டை வேதிப்பொருளால் அழித்து, 'பயன்படுத்தாதது' என்று விற்பதற்கான தூண்டுதல் இதில்தான் பிறக்கிறது. புறஊதா விளக்கின்கீழ் அழித்த தடம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும். கணினி அச்சுப்பொறியில் எடுத்த நகலைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் பல வண்ணப் புள்ளிகள் சிதறித் தெரியும். உருப்பெருக்கி, துளை அளவி, சிறிய புறஊதா விளக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தாலும், கொஞ்சம் பெரிய அஞ்சல்தலை ஒன்றின் விலைகூட ஆகாது. இவையின்றி ஆயிரக்கணக்கில் செலவிடுபவர்களைப் பார்க்கும்போது வியப்பாகவே இருக்கிறது.

ஆனால், கருவிகளுக்கும் எல்லை உண்டு. பிரான்சில் வாழ்ந்த ழான் தெ ஸ்பெராத்தி என்பவர் மலிவான உண்மை அஞ்சல்தலையின் அச்சை வெளுத்துவிட்டு, அதே தாளில் அரிய அஞ்சல்தலையை அச்சிடுவதில் வல்லவர். தாளும் நீர்க்குறியும் துளையும் உண்மை. அச்சு மட்டும் போலி. 1942-இல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய அஞ்சல்தலைகளைச் சுங்கத் துறை கைப்பற்றி, மதிப்புமிக்க பொருளை உரிய வரியின்றி ஏற்றுமதி செய்ததாக வழக்குத் தொடுத்தது. அவை தாம் செய்த போலிகளே என்று அவர் வாதிட வேண்டியதாயிற்று. வல்லுநர்களோ அவை உண்மையானவை என்று சான்றளித்திருந்தனர்!

அதனால்தான் பெருந்தொகைக்கு வாங்கும்போது ஒருவர் கண்ணை மட்டும் நம்பாமல், நிபுணர் குழுவின் சான்றிதழைக் கேட்பது மரபாகியுள்ளது. லண்டன் ராயல் அஞ்சல்தலைச் சங்கத்தின் நிபுணர் குழு, நியூயார்க்கின் பிலேட்டலிக் ஃபவுண்டேஷன் போன்றவற்றின் சான்றிதழ்களுக்கு உலக அளவில் மதிப்பு உண்டு. சான்றிதழில் அந்த அஞ்சல்தலையின் படமும் இருக்கும். விற்பனைக்கு வந்துள்ளதை அப்படத்துடன் ஒப்பிட வேண்டும். முத்திரை விழுந்த கோணம், ஓரத்தில் குட்டையான ஒரு பல், அச்சு ஒருபுறம் சாய்ந்திருக்கும் அளவு ஆகியவை கைரேகை போன்றவை. ஒரு நல்ல அஞ்சல்தலைக்குப் பெற்ற சான்றிதழை இன்னொன்றுடன் இணைத்து விற்கும் தந்திரம் இதில் வெளிப்பட்டுவிடும். சில நூறு ரூபாய் பெறும் அஞ்சல்தலைக்குச் சான்றிதழ் கேட்பது வீண். சான்றிதழ்க் கட்டணமே அதைவிடக் கூடுதல்.

அடுத்து, விலை. ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிச்செல் போன்ற விலைப்பட்டியல் நூல்களில் உள்ள விலையைச் சந்தை விலை என்று பலரும் கருதுகிறார்கள். அது நல்ல நிலையிலுள்ள அஞ்சல்தலைக்கு வணிகர் கடையில் கேட்கும் விலை. இணையத்தில் ஒருவர் 'ஒரு லட்சம் ரூபாய்' என்று எழுதிவைத்திருப்பதும் விலையன்று, அவருடைய ஆசை. வாங்க ஒருவர் முன்வந்து, பணம் கைமாறினால்தான் அது விலை. ஏலத் தளங்களில் 'விற்று முடிந்தவை' என்னும் பகுதியைத் தேடிப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

ஏலம் பற்றி ஒரு சுவையான வரலாறு உண்டு. மூடிய உறையில் விலை கேட்டு, மிக அதிகம் கேட்டவருக்கே பொருளைக் கொடுத்து, ஆனால் இரண்டாவதாகக் கேட்கப்பட்ட விலையை மட்டும் அவரிடம் வசூலிக்கும் முறையை வில்லியம் விக்ரி 1961-இல் கோட்பாடாக வடித்தார். 1996-இல் நோபல் பரிசும் பெற்றார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து அஞ்சல்தலை வணிகர்கள் 1893-லேயே அஞ்சல்வழி ஏலத்தில் இம்முறையைக் கையாண்டது பின்னாளைய ஆய்வில் தெரியவந்தது. கோட்பாட்டை அஞ்சல்தலைக்காரர்கள் எழுபதாண்டு முந்திவிட்டார்கள்! இன்றைய இணைய ஏலத் தளங்கள் பலவும் ஏறத்தாழ இதே முறையில்தான் இயங்குகின்றன. நாம் தரக்கூடிய உச்ச விலையை ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அடுத்தவரின் விலையைவிடச் சற்றே மேலான தொகைக்குத்தான் நமக்கு விற்கப்படும். எனவே, பொருளின் மதிப்பை முன்பே கணித்து, அந்தத் தொகையைப் பதிவு செய்துவிட்டு விலகியிருப்பதே அறிவுடைமை. கடைசி நிமிட வெறியில் கூட்டிக்கொண்டே போவோர், அனைவரிலும் மிகையாக மதிப்பிட்டவர் என்ற பெயரைத்தான் வெல்கிறார்கள். இம்முறையின் பலவீனமும் பழையதே. விற்பவர் தம் நண்பர் பெயரில் பொய்யாக விலையேற்றலாம். ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் தோன்றி, எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு பெயர் கண்ணில் பட்டால் ஒதுங்கிவிட வேண்டும்.

விற்பவர்களை வேறு வகையான மோசடி சூழ்ந்திருக்கிறது. 'உங்கள் பழைய நாணயத்துக்கும் அஞ்சல்தலைக்கும் பல லட்சம் தருகிறோம்' என்று விளம்பரம் வரும். படம் அனுப்பியதும் உடனே ஏற்றுக்கொள்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரில் போலிக் கடிதமும் வரும். பழைய நாணயங்கள், நோட்டுகளை வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காகக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. விற்பவர் பணம் பெற வேண்டியவர். அவரிடமே முன்பணம் கேட்பது எந்த வணிகத்திலும் இல்லாத வழக்கம். என் முன்னாள் மாணவர் ஒருவரின் தாயார், கணவர் சேர்த்துவைத்த தொகுப்பை விற்க முயன்று, ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து மூன்று தவணைகளில் இத்தகைய 'கட்டணம்' செலுத்தினார். ஆல்பம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

இன்னொன்று, 'பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள்' என்பது. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்டால், பணம் போகப்போகிறது என்று பொருள். ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. நாள் கடந்தால் அந்த வாய்ப்பும் குறையும்.

சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இணைய விற்பனைத் தளம் குறைதீர் அலுவலரை நியமித்து, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆனால், தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் எப்போதாவது விற்பவரின் செயலுக்கு இவ்விதிகள் பொருந்தா. முகநூல் குழுவில் அறிமுகமான சக சேகரிப்பாளரிடம் வாங்கும்போது நமக்கு இருக்கும் காப்பு, அவருடைய நாணயம் மட்டுமே. 'தளத்துக்குக் கமிஷன் எதற்கு? நேரடியாக எனக்கே அனுப்பிவிடுங்கள், பத்து விழுக்காடு குறைத்துத் தருகிறேன்' என்ற அழைப்பை ஏற்பவர், அந்தப் பத்து விழுக்காட்டுக்காகத் தம் முறையீட்டு உரிமையை விற்றுவிடுகிறார். பொட்டலம் வந்ததும் பிரிப்பதைக் காணொலியாகப் பதிவு செய்வதும், அனுப்புபவர் காப்பீட்டுடன் அனுப்பி ரசீதைப் பாதுகாப்பதும் சிறிய தொல்லைகள்தாம். பிணக்கு எழும்போது சான்றாக நிற்பவை அவையே.

அஞ்சல்தலை முதலீடு என்னும் பேச்சைப் பொறுத்தவரை நான் கடுமையானவன். ஸ்பெயினில் அஃபின்சா, ஃபோரம் ஃபிலாத்தெலிகோ என்னும் இரு நிறுவனங்கள் அஞ்சல்தலைகளை மக்களிடம் விற்று, குறித்த காலத்தில் வட்டியுடன் திரும்ப வாங்கிக்கொள்வதாக உறுதியளித்தன. அஞ்சல்தலைகளின் மதிப்பு ஊதிப் பெருக்கப்பட்டது. புதியவர்களின் பணமே பழையவர்களுக்கு வட்டியானது. 2006 மே மாதம் காவல் துறை சோதனையிட்டபோது மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பு சிக்கியிருந்தது. இத்தகைய மோசடிக்குத் தம் பெயரையே தந்துவிட்ட சார்லஸ் போன்சி 1920-இல் பாஸ்டனில் மக்களை ஈர்த்ததும், பன்னாட்டு அஞ்சல் பதில் கூப்பன்களைக் காட்டித்தான் என்பது வேடிக்கையான ஒற்றுமை. அஞ்சல்தலை வட்டி ஈனாது, ஈவுத்தொகையும் தராது. இன்னொரு சேகரிப்பாளர் விரும்பினால் மட்டுமே அதற்கு விலை. விடுதலைக்குப் பிந்தைய நினைவு அஞ்சல்தலைகளில் பெரும்பாலானவை லட்சக்கணக்கில் அச்சிடப்பட்டவை. பயன்படுத்தாத நிலையில் அவற்றுள் பலவற்றின் விலை இன்றும் முகமதிப்பையொட்டியே நிற்கிறது. உலகின் முதல் அஞ்சல்தலையான 1840-இன் 'பென்னி பிளாக்' கூட 6.8 கோடிக்கு மேல் அச்சிடப்பட்டதால், பழைமைக்கு ஏற்ற அளவில் அரியதன்று.

தாத்தாவின் பெட்டியில் பழைய கடிதங்கள் கிடைத்தால் அஞ்சல்தலையை மட்டும் வெட்டி எடுப்பதோ, நீரில் ஊறவைத்துப் பிரிப்பதோ கூடாது. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்ததால், அங்குள்ள பழைய வீடுகளில் சங்கு முத்திரை தாங்கிய 'அஞ்சல்' உறைகள் இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த சமஸ்தான அஞ்சல் சேவை 1951-இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. அவ்வுறைகளில் ஒட்டியுள்ள சிறிய தலை தனியே சில ரூபாய்தான் பெறும். எந்த ஊரில் எந்த நாளில் முத்திரையிடப்பட்டது, எந்த வழியே சென்றது என்னும் தடயங்களுடன் முழு உறையாக இருக்கும்போது அதன் மதிப்பே வேறு. இணையத்தில் படம் போடுவதற்கு முன், சென்னையிலுள்ள தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற அமைப்பின் உறுப்பினர்களிடம் தொகுப்பைக் காட்டி, ஒருவருக்கு இருவராகக் கருத்துக் கேட்பது நல்லது. அப்போதும் ஆல்பத்தை ஒப்படைத்துவிட்டு வராமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும்.