முகவரின் சொல்லும் வாங்குவோரின் சேமிப்பும்

வீட்டுக் கடன் கோரி எங்கள் கிளைகளுக்கு வருவோரில் பலர், தாம் வாங்கவிருக்கும் வீட்டைப் பற்றி முதலில் ஒரு மனை வணிக முகவரின் வாய்மொழியாகவே அறிகின்றனர். பரப்பளவு, விலை, கட்டட ஒப்புதல், ஒப்படைக்கும் நாள் ஆகிய அனைத்தும் அவர் சொன்னவையே. அச்சொல்லை நம்பி முன்பணம் கொடுத்த பின்னரே ஆவணங்கள் எங்கள் மேசைக்கு வருகின்றன. சொல்லும் ஆவணமும் ஒத்திராவிடில் பெரும் இழப்பு, பல்லாண்டுச் சேமிப்பை எடுத்துக் கொடுத்த குடும்பத்துக்கே.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 1,200 சதுர அடி வீடு, விலை 60 இலட்சம் ரூபாய் என்கிறார் முகவர். சதுர அடி 5,000 ரூபாய் என்று வாங்குவோர் மகிழ்கிறார். அந்த 1,200 சதுர அடியில் மாடிப்படி, மின்தூக்கி, பொது நடைபாதை ஆகியவற்றின் பங்கும் அடங்கியிருந்து, வீட்டினுள் பயன்படும் தரைப்பரப்பு 840 சதுர அடியே என்றால், உண்மை விலை சதுர அடிக்கு ஏறத்தாழ 7,143 ரூபாய். 'கார்ப்பெட் ஏரியா' எனப்படும் இத்தரைப்பரப்பில் உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டை மாடி ஆகியவை சேரா.

கடன் தொகையிலும் இப்பிழை எதிரொலிக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மேற்கூறிய வீட்டை மதிப்பீட்டாளர் 54 இலட்சம் என மதிப்பிட்டால், கிடைக்கக்கூடிய கடன் அதிகபட்சம் 43.2 இலட்சம். 48 இலட்சம் கிடைக்குமென்று எண்ணியிருந்தவர் மீதி 4.8 இலட்சத்துக்கு எங்கே போவார்?

இந்நிலையைத் தவிர்க்கவே 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இச்சட்டப்படி பதிவான திட்டங்களில் விற்பனைக்குத் துணைநிற்கும் முகவர் தாமும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தம் பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிடல் வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டம் பதிவாகாதிருப்பின் அதனை விற்க உதவலாகாது. இல்லாத ஒப்புதலை உண்டென்று சொல்லலாகாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கப்படலாம்.

சட்டம் எட்டாத இடத்தில் தொழில் நாகரிகம் தேவைப்படுகிறது. ஒரே வீட்டை இரண்டு மூன்று முகவர்கள் கைமாற்றிச் சொல்வது வழக்கம். முதலாமவர் தோராயமாகச் சொன்ன அளவு, மூன்றாமவரிடம் உறுதியான அளவாகிவிடுகிறது. நல்ல முகவர், சக முகவர் தந்த விவரத்தையும் ஆவணத்தோடு ஒப்பிட்ட பின்னரே பிறருக்குச் சொல்வார். பிழை கண்டால் வாடிக்கையாளர் முன் அவரை இகழாமல், அவரிடமே நேரில் சொல்லித் திருத்துவார். தரகுப் பங்கை முன்னரே எழுத்தில் முடிவு செய்வார். வீடு விலைபோய்விட்டால் உடனே மற்றவர்க்கும் தெரிவிப்பார். வாங்குவோர் எவ்வளவு வரை தர இயலும் என்பதை எதிர்த்தரப்பு முகவரிடம் வெளியிடமாட்டார். முகவர்களிடையே இந்த மதிப்பு நிலவினால் தவறான செய்தி பரவுவது குறையும். அதன் பயன் வாடிக்கையாளருக்கே வந்து சேரும்.

வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கூற விரும்புவன சில. முகவரின் பதிவு எண்ணையும் திட்டத்தின் பதிவு எண்ணையும் கேட்டு, மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். தரைப்பரப்பை எழுத்தில் பெறுங்கள். பதிவான திட்டங்களில், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் பெறச் சட்டம் இடந்தரவில்லை என்பதை மறவாதீர்கள். 'இத்திட்டத்துக்கு வங்கியே கடன் தருகிறது' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி ஆவணங்களைப் பாராமல் விடாதீர்கள். ஒவ்வொரு கடன் விண்ணப்பமும் தனித்தே ஆராயப்படுகிறது. பதிவு பெற்ற முகவர் சட்டத்தை மீறினால் ஆணையத்திடம் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாளே ஆவண நகல்களுடன் கிளைக்கு வாருங்கள். கொடுத்த பின் கேட்கும் கேள்விக்கு எங்களால் விடை மட்டுமே கூற இயலும். கொடுக்குமுன் கேட்டால் உங்கள் பணத்தைக் காக்கவும் துணைநிற்க இயலும்.