பாம்புக்கு வாங்கிய உறைந்த எலி: சமையலறை ஐஸ் பெட்டியில் வைக்கலாமா?

நம் இளைஞர்களில் சிலர் இப்போது பால் பைத்தன், கார்ன் ஸ்நேக் போன்ற பாம்புகளை வீட்டில் வளர்க்கின்றனர். தொடக்கத்தில் அலறிய அம்மாக்கள்கூட நாளடைவில் பாம்புக்குப் பழகிவிடுகிறார்கள். அவர்களால் பழக முடியாதது, ஐஸ் பெட்டியில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் எலிதான். அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு.

உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும் என்பதால், கடைகளில் உறைந்த எலி வாங்குவதே நல்லது. ஆனால், உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். ஒட்டுண்ணிகள் பல செத்துவிடும் என்பது உண்மை. சால்மொனெல்லா பாக்டீரியா சாகாது. குளிரில் உறங்கிக் கிடந்து, பனி இளகியதும் பெருகும். 2010இல் அமெரிக்காவில் உறைந்த எலிகளால் பலருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டதால், ஒரு நிறுவனம் தன் எலிகளைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நோயுற்றவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தனர்.

ஆகவே, எலிக்குத் தனிப் பெட்டி வேண்டும். சிறிய பழைய ஃப்ரீசர் ஒன்று கிடைத்தால் அதுவே போதும். அதற்கு வழியில்லாதவர்கள் எலியை இரண்டு பைகளில் கட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, கடைசித் தட்டில் வைக்கலாம். இது இரண்டாந்தர ஏற்பாடுதான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் அதையும் தவிர்ப்பது நல்லது. குளிர் மைனஸ் 18 பாகையில் இருக்க வேண்டும். காற்றுப் புகாமல் கட்டி, வாங்கிய தேதியை எழுதி, ஆறு மாதத்திற்குள் கொடுத்து முடிப்பது உத்தமம். நாள்பட்டால் கொழுப்பு கெட்டு, சத்தும் குறையும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போனால் ஃப்ரீசரைத் திறந்து பார்க்காதீர்கள். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் மூடியபடியே சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். எலி இளகிச் சூடாகியிருந்தால் காசைப் பார்க்காமல் வீசிவிட வேண்டும்.

உணவு கொடுப்பதற்கு முதல் நாள் இரவே, பையோடு தனி டப்பாவில் வைத்து, ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிடலாம். பிறகு அதே பையோடு வெந்நீரில் போட்டு இளஞ்சூடாக்கினால் பாம்பு எடுத்துக்கொள்ளும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், வயிறும் வெடிக்கும். அடுப்பங்கரைத் தொட்டியும் வேண்டாம். பாம்பு தொடாத எலியை மறுபடி உறைய வைக்கக்கூடாது. கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தோட்டப்புற வாசகர்களுக்கு இன்னொன்று. “கடையில் ஏன் வாங்க வேண்டும், செம்பனைக் காட்டில் எலிக்கா பஞ்சம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எலி நஞ்சு தின்ற எலியாக இருக்கலாம். தோட்டத்தில் வைக்கும் நஞ்சுக்கட்டியைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் நடமாடும், சுலபமாக அகப்படும். அப்படிப்பட்ட எலிகளைத் தின்ற கூகைகள் நம் நாட்டுத் தோட்டங்களிலேயே மடிந்துள்ளன. கூகைக்கு நேர்ந்தது பாம்புக்கு நேராது என்று யார் சொல்வது? அதோடு, நாம் கெஞ்சிங் தீக்குஸ் என்று சொல்லும் எலிக்காய்ச்சல் காட்டெலியின் சிறுநீரிலிருந்தே பரவுகிறது. வெறுங்கையால் தொடுவதே ஆபத்து. அதை உறைய வைத்தால் நோயையும் சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததாகிவிடும்.

மலைப்பாம்பு வகைகளை வளர்க்கத் தீபகற்ப மலேசியாவில் பெர்ஹிலித்தான் அனுமதி தேவை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கவே அனுமதியில்லை. ஜொகூரில் இருக்கும் உங்கள் பாம்பைப் பார்த்து ஆசைப்படும் அக்கரை உறவினருக்கு இதையும் சொல்லிவையுங்கள்.