மூச்சுக்காக மேலெழாத கலம்

மறைந்து செல்வதே நீர்மூழ்கிக் கப்பலின் முதன்மையான வலிமை. எனினும், இரண்டாம் உலகப்போர்க் காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலும் கடலின் மேற்பரப்பிலேயே பயணம் செய்தன. அவற்றின் டீசல் எந்திரங்கள் இயங்கக் காற்று இன்றியமையாதது. நீருக்குள் மூழ்கியபின் மின்கலங்களே துணை. விரைந்து சென்றால் சில மணி நேரத்தில் அவற்றின் ஆற்றல் தீர்ந்துவிடும். மீண்டும் மின்னேற்றம் செய்யக் காற்றை நாடி மேலே வரவேண்டும். அவ்வாறு வரும் வேளையே பகைவரின் கண்ணில் படும் வேளையாகவும் அமைந்தது.

இத்தடையை அணு உலை நீக்கியது. யுரேனிய அணுக்கருக்கள் பிளவுறும்போது பெருவெப்பம் வெளிப்படுகிறது. இஃது எரிதல் அன்று. ஆதலால் ஆக்சிஜன் தேவையில்லை. உயர் அழுத்தத்தில் சுற்றிவரும் நீர் அவ்வெப்பத்தைச் சுமந்து சென்று, வேறொரு சுற்றிலுள்ள நீரை ஆவியாக்குகிறது. அந்நீராவி விசையாழியைச் சுழற்ற, கப்பல் நகர்கிறது. உலை தரும் மின்னாற்றலால் கடல்நீர் நன்னீராகிறது. நீரைப் பகுத்து, மாலுமிகள் சுவாசிக்க ஆக்சிஜனும் பெறப்படுகிறது. எனவே, எரிபொருளோ காற்றோ அன்றி, ஏற்றிச்செல்லும் உணவின் அளவே பயணத்தின் எல்லையை வரையறுக்கிறது.

ஹைமன் ரிக்கோவர் என்னும் கடற்படை அதிகாரியின் தலைமையில் அமெரிக்கா உருவாக்கிய ‘நாட்டிலஸ்’, உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியாகும். 1955 ஜனவரி 17 அன்று அது முதன்முதலாக அணுசக்தியால் இயங்கியது. 1958 ஆகஸ்ட் 3 அன்று பனிப்பாறைகளின் அடியில் சென்று வடதுருவத்தைக் கடந்தது.

ஆயினும், இக்கலத்திற்கும் ஒரு பகை உண்டு, அஃது ஒலி. நீரில் ஒலி நெடுந்தொலைவு பரவும். உலையைக் குளிர்விக்கும் பம்புகளின் ஓசையைப் பகைவரின் சோனார் கருவிகள் உணரக்கூடும். ஆகவே, எந்திரங்கள் அதிர்வு தாங்கும் மேடைகளில் பொருத்தப்படுகின்றன. கப்பலின் புறத்தே ரப்பர் ஓடுகள் பதிக்கப்படுகின்றன.

இத்தகைய தாக்குதல் கலத்தின் ஆற்றலை 1982ஆம் ஆண்டின் ஃபாக்லாந்துப் போர் புலப்படுத்தியது. மே 2 அன்று பிரிட்டனின் ‘காங்கரர்’, அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் மாண்டனர். அதன்பின் அர்ஜென்டினாவின் பெரும் போர்க்கப்பல்கள் தம் கரையோரக் கடற்பகுதிக்கே திரும்பின. கண்ணுக்குப் புலப்படாத கலத்தின் அச்சமே ஒரு கடற்படையைக் கட்டிப்போட்டது.

ஆழம் தன் மாலுமிகளையும் விட்டுவைப்பதில்லை. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் ‘திரெஷர்’, ஆழ்கடல் சோதனையின்போது மூழ்கி 129 பேர் உயிரிழந்தனர். அதன் விளைவாக, கடல்நீர் உட்புகுவதைத் தடுக்கவும் விபத்து நேர்ந்தால் கப்பல் மேலெழுவதை உறுதிசெய்யவும் கடுமையான பாதுகாப்பு நெறிமுறைகள் அவ்வாண்டிலேயே வகுக்கப்பட்டன.

அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு, சீனா ஆகிய நாடுகள் அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகளைச் சொந்தமாகக் கட்டி இயக்குகின்றன. இந்தியா 1988இல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து ‘சக்ரா’வைக் குத்தகைக்குப் பெற்றுப் பயிற்சி கண்டது. 2009இல் கடலில் இறக்கப்பட்ட ‘அரிஹந்த்’, தாக்குதல் வகையைச் சார்ந்ததன்று. தொலைதூர ஏவுகணைகளைத் தாங்குவது. அதன் உலைக்கான முன்மாதிரி, தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் நிலத்தின்மீது அமைத்து இயக்கிப் பார்க்கப்பட்டது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, உள்நாட்டிலேயே இரண்டு தாக்குதல் நீர்மூழ்கிகளைக் கட்ட 2024இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளது.